பியானோ ஏன் அடியில்? சேம்பர் இசை ஸ்கோரில் வாத்தியங்களை அடுக்கும் முறை

கேள்வி: ஃப்ளூட், பி ஃப்ளாட் கிளாரினெட், ஹார்ன், வயலின், செல்லோ, பியானோ என்று ஆறு பேருக்காக மூன்று பகுதிகள் கொண்ட ஒரு உருப்படி எழுதியிருக்கிறேன். நொட்டேஷன் மென்பொருள் பியானோவைத் தானாகவே வயலினுக்கு மேலே கொண்டுபோய் வைக்கிறது. பியானோ அடியில்தான் வரவேண்டும் என்கிறார் ஒரு நண்பர். இன்னொருவர், எந்த வாத்தியம் உயர்ந்த ஸ்தாயியில் ஒலிக்கிறதோ அதை மேலே வைத்து வரிசையாக இறங்கிவா என்கிறார். ஹார்னை எங்கே வைப்பது என்பதிலும் குழப்பம். எது சரி?

பதில்:

முதலில் உங்கள் ஸ்கோருக்கான, அதாவது எல்லா வாத்தியங்களின் வரிகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும் முழுத் தாளுக்கான, விடை. மேலிருந்து கீழாக ஃப்ளூட், கிளாரினெட், ஹார்ன், வயலின், செல்லோ, பியானோ. முதல் நண்பர் சொன்னதே சரி. மென்பொருளின் மேலும் குற்றமில்லை. உங்கள் ஆறு பேரை அது ஒரு ஆர்கெஸ்ட்ரா என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மியூஸ்ஸ்கோர், டோரிகோ போன்றவை வாத்தியங்களைச் சேர்க்கும்போதே ஆர்கெஸ்ட்ரா வரிசையில் அடுக்கிவிடும். அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு, பியானோவைக் கையால் இழுத்துக் கீழே விடுங்கள்.

இதை மட்டும் சொல்லி முடித்துவிட்டால், அடுத்த உருப்படியில் ஒரு ஹார்ப்போ பசூனோ சேரும்போது மறுபடியும் இதே இடத்தில் நிற்பீர்கள். அதனால் காரணத்தையும் சொல்கிறேன்.

ஆர்கெஸ்ட்ரா ஸ்கோரில் மரக்குழல் குடும்பம் மேலே இருக்கும்: ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், பசூன். அதற்குக் கீழே பித்தளைக் குடும்பம், பிறகு டிம்பனியும் மற்ற தாள வாத்தியங்களும், பிறகு ஹார்ப், பியானோ, எல்லாவற்றுக்கும் அடியில் தந்தி வாத்தியங்கள். அந்தப் பக்கத்தைப் படிக்கிறவர் கண்டக்டர், அதாவது முன்னால் நின்று குழுவை நடத்துகிறவர். அவருக்கு ஆர்கெஸ்ட்ராவின் அஸ்திவாரம் தந்திக் குழுதான். பியானோ வந்தாலும் எண்பது பேருக்கு நடுவே அது ஒரு நிறம் மட்டுமே. ஆகவே நடுவில் இருப்பது அதற்குப் பொருத்தம்.

சேம்பர் இசையில், அதாவது சில பேர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் சிறு குழு இசையில், கண்டக்டர் கிடையாது. ஃப்ளூட் வாசிப்பவருக்கு ஃப்ளூட் பார்ட், செல்லோ வாசிப்பவருக்கு செல்லோ பார்ட் என்று ஆளுக்கொரு தாள் போய்விடும். பியானோ வாசிப்பவருக்கு மட்டும் தனிப் பார்ட் இல்லை. முழு ஸ்கோர்தான் அவருடைய பார்ட். ஆறு பேரில் எல்லோருடைய சுரங்களையும் கண்ணால் பார்த்தபடியே வாசிக்கிறவர் அவர் ஒருவரே. ஸ்கோரின் வரிசை முதலில் அவருக்கு உதவ வேண்டும்.

ஷூமன் 1842-ல் எழுதிய பியானோ குவின்டெட் (ஐவருக்கான இசை), ஓபஸ் (படைப்பு எண்) 44, அதன் அச்சு ஸ்கோரைத் திறந்து பாருங்கள். மேலே முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ என்று நான்கு வரிகள். இவற்றைப் பொடியாக, பியானோ வரியில் முக்கால் பங்கு அளவில் அச்சிடுவது வழக்கம். அடியில் பியானோவின் இரண்டு வரிகள் முழு அளவில். வாசிப்பவரின் கண் தன் சுரங்களைக் கீழே பற்றிக்கொண்டு, தேவையானபோது மட்டும் மேலே ஏறி வயலின் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு இறங்குகிறது. பக்கத்தின் அடிப்பகுதிதான் விசைப்பலகைக்கு அருகே இருப்பது; கண் விரலுக்கு இறங்கவேண்டிய தூரமும் குறைவு. பெடல் குறிகள் பியானோ வரிக்குக் கீழே வரும். பியானோவை நடுவில் வைத்தால் அந்தப் பெடல் குறிகள் வயலினுக்கு மேலே வந்து உட்கார்ந்து, வயலினுக்கான குறிகளோடு முட்டிக்கொள்ளும். ஒரே ஒரு பக்கத்தை இரண்டு விதமாகவும் அச்செடுத்து, ஒரு பியானோ கலைஞரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். எட்டாவது பார் (தாளக் கட்டம்) போவதற்குள் அவரே சொல்லிவிடுவார்.

தலைப்பில் எந்த வாத்தியத்தின் பெயர் முன்னால் வருகிறது என்பதை வைத்து ஸ்கோரை அடுக்க வேண்டாம். பதினெட்டாம் நூற்றாண்டில் வயலின், செல்லோ துணையுடன் கூடிய பியானோ சொனாட்டா என்றே ட்ரியோக்களை (மூவருக்கான இசையை) வெளியிட்டார்கள். பீத்தோவன் ஓபஸ் 47 சொனாட்டாவை 1805-ல் வெளியிட்டபோதும் தலைப்பில் பியானோதான் முதலில், வயலின் பிறகு. ஸ்கோரில் வயலின் மேலே, பியானோ கீழே. தலைப்பு அன்றைய மரியாதையையும் வியாபாரத்தையும் சொல்கிறது. ஸ்கோர் வாசிப்புக்கானது.

பியானோ அடியில் இருப்பதற்கு இன்னும் பழைய வேர் ஒன்று உண்டு. ஸ்கோரின் கடைசி வரி நெடுங்காலமாக பாஸ் வரிக்கு, அதாவது முழு இசையையும் தாங்கும் கீழ்க்குரலுக்கு, உரிய இடம். பாக்கின் பெரிய ஸ்கோர்களில் ட்ரம்பெட்டும் டிம்பனியும் உச்சியில் இருக்கும், அடியில் கன்டினுவோ என்ற பாஸ் துணை வரி. மோட்ஸார்ட் 1791-ல் எழுதிக்கொண்டிருந்த ரெக்வியம் என்ற இரங்கல் பூசை இசையின் கையெழுத்துப் பிரதியில் வரிசை இன்றைய கண்ணுக்கு விசித்திரமாக இருக்கும். வயலின்களும் வயோலாவும் உச்சியில். பிறகு பாசெட் ஹார்ன் (கிளாரினெட் வகை), பசூன், ட்ரம்பெட், டிம்பனி. பிறகு நான்கு பாடகர் குரல்கள். அடியில் ஆர்கனும் பாஸும் சேர்ந்த ஒரே வரி. பல பகுதிகளில் அவர் குரல்களையும் அடிவரியையும் முழுமையாக எழுதியிருக்கிறார், மேலே முதல் வயலினுக்கு அங்கங்கே சில பார்கள், மற்ற வரிகள் வெறுமையாக. இசையின் எலும்புக்கூட்டை முதலில் நிறுத்திவிட்டு நடுவைப் பிறகு நிரப்புவது அவருடைய வேலை முறை. நிரப்பும் முன்பே அவர் இறந்துவிட்டதால் அந்த வெற்று வரிகள் இன்றும் காணக்கிடைக்கின்றன. மற்றவர்கள்தான் அவற்றை முடித்தார்கள். எனக்கு அந்தப் பக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கனக்கும். ஸ்கோர் வரிசை என்பது எழுதுகிறவன் எப்படி யோசிக்கிறான் என்பதன் வரைபடம் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

இந்த அடிவரிக் கணக்கை வைத்துக்கொண்டால் ஹார்ன் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஆர்கெஸ்ட்ராவில் ஹார்ன் பசூனுக்குக் கீழே, ட்ரம்பெட்டுக்கு மேலே வருகிறது. ட்ரம்பெட் உயர்ந்த ஸ்தாயி, ஹார்ன் தாழ்ந்தது, அப்படியிருந்தும் ஹார்ன் மேலே. பதினெட்டாம் நூற்றாண்டு ஆர்கெஸ்ட்ராவில் இரண்டு ஓபோ, இரண்டு ஹார்ன் என்பது அன்றாடக் கூட்டணி. ட்ரம்பெட் விழாக்கால இசைக்கு டிம்பனியோடு சேர்ந்து வரும். ஆகவே ஹார்ன் மரக்குழலை ஒட்டியும், ட்ரம்பெட் டிம்பனியை ஒட்டியும் அமைந்தன. கூட வாசிப்பவரின் பக்கத்தில் இடம், இதுதான் அங்கே கணக்கு.

வுட்விண்ட் (மரக்குழல்) குவின்டெட்டில் பாருங்கள்: ஃப்ளூட், ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன். இங்கே ஹார்ன் பசூனுக்கு மேலே ஏறிவிட்டது. கார்ல் நீல்சன் 1922-ல் எழுதிய குவின்டெட்டும் இதே வரிசைதான். காரணம், இந்த ஐவரில் பாஸைத் தாங்குகிறவர் பசூன். ஹார்ன் நடுக்குரல்களைச் சேர்த்துக் கட்டும் பசை. மோட்ஸார்ட் 1784-ல் பியானோ, ஓபோ, கிளாரினெட், ஹார்ன், பசூன் ஆகியவற்றுக்கு எழுதிய குவின்டெட், கே 452 (அவர் படைப்புப் பட்டியலின் எண்), இதற்கும் முந்தைய உதாரணம். தான் அதுவரை எழுதியதிலேயே சிறந்தது என்று அவரே அப்பாவுக்கு எழுதிய கடிதத்தில் சொன்ன படைப்பு அது. அதிலும் குழல்களின் அடியில் பசூன், எல்லாவற்றுக்கும் அடியில் பியானோ.

பிராஸ் (பித்தளை) குவின்டெட்டுக்குப் போங்கள்: முதல் ட்ரம்பெட், இரண்டாம் ட்ரம்பெட், ஹார்ன், ட்ரோம்போன், டியூபா. ஆர்கெஸ்ட்ராவில் ட்ரம்பெட்டுக்கு மேலே இருந்த ஹார்ன் இங்கே கீழே இறங்கிவிட்டது. ஓபோவும் பசூனும் பக்கத்தில் இல்லாதபோது மரக்குழல் உறவுக்கு வேலை இல்லை. எல்லோரும் ஒரே குடும்பம், ஆகவே குரல் உயரப்படி இறங்குகிறது. ஒரே ஹார்னுக்கு மூன்று குழுக்களில் மூன்று இடம்.

உங்கள் குழுவில் பசூன் இல்லை. ஹார்ன் கிளாரினெட்டுக்குக் கீழே, குழல் குடும்பத்தின் அடிக்குரலாக நிற்கிறது. நாளை பசூன் ஒன்றைச் சேர்த்தால் அது ஹார்னுக்குக் கீழே வரும்.

ஸ்தாயிப்படி அடுக்கும் யோசனைக்கு வருகிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஸ்ட்ரிங் குவார்டெட் (தந்தி நால்வர்), சாக்ஸபோன் குவார்டெட் போல ஒரே குடும்பம் என்றால் அது இயல்பாகவே நடந்துவிடும். கலப்புக் குழுவில் நிற்காது. ஹார்னின் கீழ்ச்சுரங்கள் செல்லோவின் மேல்தந்திக்கு வெகு கீழே போகும்; அதே ஹார்ன் வயலினின் நடுஸ்தாயி வரை ஏறும். எந்த உயரத்தை வைத்து அதற்கு இடம் தருவீர்கள்? உங்கள் நண்பரின் கணக்குப்படி ஃப்ளூட், வயலின், கிளாரினெட், ஹார்ன், செல்லோ என்று வரும். வயலினும் செல்லோவும் சேர்ந்து வில்லிழுக்கும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே இரண்டு குழல்கள் குறுக்கே நிற்கும். சேர்ந்து பேசுகிறவர்களைப் பிரித்து உட்காரவைத்த பந்தி மாதிரி ஆகிவிடும்.

பிராம்ஸின் முதல் பியானோ ட்ரியோ, ஓபஸ் 8, இதற்கு அழகான சாட்சி. 1889-ல் அவர் திருத்திய வடிவத்தில், பியானோ தொடங்கியதும் அந்த நீண்ட மெட்டை எடுத்துக்கொள்வது செல்லோ. வயலின் நெடுநேரம் சும்மா இருக்கிறது. ஆனாலும் பக்கத்தின் உச்சியில் வயலின் வரிதான், ஓய்வுக்குறிகளோடு. செல்லோ பாடுகிறது என்பதற்காக அதை மேலே ஏற்றவில்லை. வயலின் உள்ளே வரும்போது கண் அதை ஏற்கெனவே தெரிந்த இடத்தில் சந்திக்கிறது.

இந்தப் பாடத்தை நான் நஷ்டப்பட்டுத்தான் படித்தேன். பல வருடங்களுக்கு முன், கிளாரினெட், வயலின், செல்லோ, பியானோ கொண்ட ஒரு உருப்படிக்கு ஸ்கோர் தயார் செய்தேன். இரண்டாம் பகுதி முழுவதும் வயலினே தலைமை. அதனால் அந்தப் பகுதியில் மட்டும் வயலினை உச்சிக்கு ஏற்றி, கிளாரினெட்டை அதன் கீழே வைத்தேன். ஒத்திகையில் பியானோ கலைஞர், கிளாரினெட் முடிக்கும் சொற்றொடருக்காகக் காத்திருந்து நுழைய வேண்டிய இடம். முதல் பகுதியில் பழகிய கண் உச்சி வரிக்குப் போனது. அங்கே இருந்தது வயலின். இரண்டு பார் முன்பாகவே நுழைந்துவிட்டார். மறுபடி வாசித்தோம், மறுபடியும் அதே. அவர் பென்சிலை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் வரிகளுக்கு முன்னால் பெரிய எழுத்தில் வாத்தியப் பெயர் எழுத ஆரம்பித்தபோது எனக்கு நெஞ்சு சுருங்கிவிட்டது. பிழை அவருடையது அல்ல. அன்றிரவே வரிசையைப் பழையபடி மாற்றி மறுநாள் புது அச்சு கொடுத்தேன். முதல் பக்கத்தில் வைத்த வரிசை கடைசிப் பக்கம் வரை மாறக்கூடாது என்பதை அன்றிலிருந்து யாருக்காகவும் தளர்த்துவதில்லை.

ஒரே வகை வாத்தியம் பல இருக்கும்போது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் விஷயம் சுவையானது. மெண்டல்சன் 1825-ல், பதினாறு வயதில் எழுதிய ஆக்டெட்டில் நான்கு வயலின், இரண்டு வயோலா, இரண்டு செல்லோ. ஸ்கோரிலும் அதே வரிசைதான்: நான்கு வயலின்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக, பிறகு வயோலாக்கள், பிறகு செல்லோக்கள். எட்டுப் பேரும் ஒரே துணியாக நெய்யப்பட்டிருப்பதால் அது பொருந்துகிறது. அதற்கு இரண்டு வருடம் முன்பு லூயி ஸ்போர் தன் முதல் இரட்டைக் குவார்டெட், ஓபஸ் 65-ஐ எழுதினார். அதிலும் அதே எட்டு வாத்தியங்கள்தான். ஆனால் அவர் மனதில் இருந்தது எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்ளும் இரண்டு தனிக் குழுக்கள். அப்படிப்பட்ட இசையை முதல் குவார்டெட் நான்கு வரி, இரண்டாம் குவார்டெட் நான்கு வரி என்று பிரித்து அடுக்கினால்தான் கேள்வியும் பதிலும் பக்கத்தில் தெரியும். ஆள்கணக்கு ஒன்றாக இருந்தாலும் இசை வேறு என்றால் வரிசையும் வேறு. இப்படிப்பட்ட இடத்தில் துணிந்து வழக்கத்தை மாற்றலாம். இசைக்குள்ளிருந்து காரணம் காட்ட முடிகிறது.

பியானோ இல்லாமல் ஹார்ப்போ கிதாரோ இருந்தால், அடியில் வரும் உரிமை அதற்கு. டெபுஸி 1915-ல் எழுதிய சொனாட்டாவில் ஃப்ளூட், வயோலா, ஹார்ப். தலைப்பிலும் ஸ்கோரிலும் அதே வரிசை. ஆர்கெஸ்ட்ராவில் தந்திகளுக்கு மேலே இருக்கும் ஹார்ப் இங்கே வயோலாவுக்குக் கீழே வந்து, கார்டுகளால் (சேர்ந்தொலிக்கும் சுரங்களால்) மற்ற இருவரையும் தாங்குகிறது. முதலில் வயோலாவுக்குப் பதில் ஓபோதான் அவர் திட்டத்தில் இருந்தது. மாற்றிய பிறகு கிடைத்த அந்த மங்கிய நிறம்தான் எனக்கு அந்த சொனாட்டாவை மறக்கவிடாமல் செய்கிறது. ஹார்ப்பும் பியானோவும் இரண்டுமே இருந்தால் ஹார்ப் மேலே, பியானோ அடியில். பாடகர் இருந்தால் அவர் வரியைப் பியானோவுக்கு நேர் மேலே வைப்பது கண்ணுக்கு வசதி. கூட வாசிக்கும் கிளாரினெட்டோ வயோலாவோ அதற்கும் மேலே போகலாம். தாள வாத்தியம் ஒன்று சேர்ந்தால் குழலுக்கும் தந்திக்கும் நடுவே கொடுங்கள்.

வரிசையைச் சரியாக வைத்துவிட்டு அடைப்புகளையும் பார் கோடுகளையும் கவனிக்காமல் விட்டால் பாதி வேலை வீண். இடது ஓரத்தில் ஃப்ளூட், கிளாரினெட், ஹார்ன் மூன்றுக்கும் ஒரு சதுர அடைப்பு. வயலின், செல்லோவுக்கு இன்னொன்று. பியானோவின் இரண்டு வரிகளுக்கு வளைவு அடைப்பு. பார் கோடு ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் தொடர்ந்து ஓடி, கூட்டம் முடியும் இடத்தில் அறுபட வேண்டும். அந்த இடைவெளிதான் கண்ணுக்கு வாசல். மென்பொருளில் பியானோவை இழுத்து மாற்றியபின் பழைய அடைப்பு சில சமயம் தப்பான வரிகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். செல்லோவிலிருந்து பியானோவுக்குள் பார் கோடு நேராக இறங்கியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாடகர் வரியில் மட்டும் பார் கோட்டை யாரோடும் சேர்ப்பதில்லை, கீழே சாகித்யம் ஓடுவதால்.

கிளாரினெட், ஹார்ன் இரண்டும் எழுதியதைவிடத் தாழ்ந்து ஒலிக்கும் வாத்தியங்கள். பி ஃப்ளாட் கிளாரினெட் ஒரு முழுச்சுரம் கீழே, எஃப் ஹார்ன் ஓர் ஐந்தாம் இடைவெளி கீழே. ஸ்கோரைக் கேட்கும் சுருதியிலேயே எழுதுவதா, அவர்கள் தாளில் இருப்பதுபோல எழுதுவதா என்பது உங்கள் விருப்பம். எதைத் தேர்ந்தாலும் முதல் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். வரிசை இதனால் மாறாது. ஃப்ளூட் வாசிப்பவர் இடையில் பிக்கலோ (சிறிய ஃப்ளூட்) எடுத்தாலும் அப்படித்தான், அதே வரியிலேயே தொடர வேண்டும். ஷோன்பெர்க் 1912-ல் எழுதிய பியரோ லூனேர் காலத்திலிருந்தே ஒருவர் ஃப்ளூட்டும் பிக்கலோவும், இன்னொருவர் கிளாரினெட்டும் பாஸ் கிளாரினெட்டும் மாற்றி மாற்றி வாசிப்பது சேம்பர் குழுக்களில் சாதாரணம். ஆளுக்குத்தான் வரி, கருவிக்கு அல்ல. மாற்றச் சொல்லும் குறிப்பை, மாற்றவேண்டிய இடத்தில் எழுதாமல் முந்தைய கருவி ஓய்வெடுக்கத் தொடங்கும் பாரிலேயே எழுதுங்கள்.

சும்மா இருக்கும் வாத்தியத்தின் வரியை மறைத்து இடம் மிச்சப்படுத்தலாம் என்று மென்பொருள் ஆசை காட்டும். ஆறு பேர் குழுவில் அதைச் செய்யவேண்டாம். ஏழு வரிதான். எல்லாப் பக்கத்திலும் ஏழும் இருக்கட்டும்.

மென்பொருள் வைத்த வரிசையே சரியாகிற நிலைமையும் உண்டு. குழு பத்துப் பதினைந்து பேராகப் பெருகி, கண்டக்டர் நின்று, பியானோ வாசிப்பவரும் மற்றவர்களைப் போலத் தனிப் பார்ட்டிலிருந்தே வாசிக்கிறார் என்றால், ஸ்கோரைப் படிப்பவர் மாறிவிட்டார். அப்போது ஆர்கெஸ்ட்ரா வரிசைக்குப் போங்கள், பியானோ தந்திகளுக்கு மேலே வரட்டும். ஏழெட்டுப் பேர் இருக்கும் எல்லைக் குழுக்களில் இரண்டு வழக்கமும் நடைமுறையில் இருக்கிறது. நான் அங்கே கேட்பது ஒரே கேள்வி: ஒத்திகையில் இந்த ஸ்கோர் யார் கண்முன் இருக்கும்? இப்போது குவார்டெட்காரர்களிலேயே சிலர், பொரோமியோ குவார்டெட் போல, கணினித் திரையில் முழு ஸ்கோரைப் பார்த்தே வாசிக்கிறார்கள், பக்கத்தைக் காலால் திருப்பிக்கொண்டு.

உங்கள் ஆறு பேரில் அந்தக் கண் பியானோ வாசிப்பவருடையது. வரிசையை மாற்றியபின் பக்கம் திருப்பும் இடங்களும் நகர்ந்திருக்கும். ஒவ்வொரு வலப்பக்கத்தின் கடைசி பாரையும் எடுத்துப் பார்த்து, அங்கே அவருக்கு ஒரு கையாவது ஓய்வாக இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுப் பிறகு அச்சுக்கு அனுப்புங்கள்.